பார்க்காமல் போட்ட டிக்

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் பதினொரு கார்கள் நிற்கின்றன. அவற்றில் ஒரே ஒரு காருக்குத்தான் அதன் சொந்தக்காரரே அடியில் படுத்து ஆயில் மாற்றுகிறார். அது நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கோணிச் சாக்கை விரிப்பதைப் பார்த்தால் எதிர்வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்துவிடுவார். முப்பது வருஷம் சர்வீஸ் சென்டரில் இருந்தவர், ஒரு போன் போட்டால் அவர்களே வந்து வண்டியை எடுத்துப் போவார்களே, எதற்கு இந்த வயதில் இந்த அவஸ்தை என்று கேட்பார். முப்பது வருஷம் அங்கே இருந்ததால்தான் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். எனக்கு அதற்குத் தெம்பில்லை. சிரித்து மழுப்பிவிடுவேன்.

போன மாதம் என் பழைய சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தது. ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர் இப்போது அங்கே மேனேஜர். வாசலில் புதுப் பலகை வைத்திருக்கிறார்களாம். காபி குடித்து முடிப்பதற்குள் ஆயில் மாற்றித் தருகிறோம் என்று எழுதியிருக்கிறதாம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தரம் பற்றி நான் வந்து நாலு வார்த்தை பேச வேண்டுமாம். ஊரில் இருக்க மாட்டேன் என்று பொய் சொன்னேன். தரம் பற்றிப் பேச எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். அதை மைக்கில் சொல்ல முடியாது. எழுதிப் பார்க்கிறேன்.

நான் அம்பத்தூரில் ஐ.டி.ஐ. படித்தேன். இரண்டு வருஷம் ஒரு லாரி பட்டறையில் இருந்தேன். பிறகு தொழிற்பேட்டையில் இருந்த ஒரு கார் டீலரின் சர்வீஸ் சென்டரில் ஹெல்பராகச் சேர்ந்து, மெக்கானிக் ஆகி, கடைசியில் ஃபைனல் இன்ஸ்பெக்டர் ஆனேன். இதற்குள் இருபது வருஷம் போய்விட்டது. அந்த இருபது வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. கை கறுத்தது, கல்யாணம் ஆனது, இடுப்பு பிடித்துக்கொண்டது.

ஆயில் மாற்றுவது எங்கள் தொழிலிலேயே எளிய வேலை. அதனால்தான் அதில் தவறு நடக்கிறது. கியர்பாக்ஸ் இறக்குகிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்வான். ஆயில் மாற்றுகிறவன் மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருப்பான்.

முறையாகச் செய்தால் அது இப்படி. எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். வெதுவெதுப்பான ஆயில்தான் அழுக்கையும் சேர்த்து இறங்கும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் ஆயில் இறங்குகிற ஓட்டையை அடைத்திருக்கும் டிரெயின் நட்டைக் கழற்ற வேண்டும். ஓட்டம் சொட்டாகி, சொட்டும் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். நட்டில் ஒரு வாஷர் இருக்கும், காலணா அகலம்கூட இருக்காது. ஒருமுறை இறுக்கியதும் அது நசுங்கிவிடும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போட வேண்டும். நட்டை முதலில் விரலால் திருக வேண்டும். ஸ்பானரை எடுத்த எடுப்பில் வைத்தால் மரை கோணலாக ஏறிவிடும். விரலால் போகிற மட்டும் போன பிறகுதான் டார்க் ரெஞ்ச், இறுக்கத்தை அளந்து காட்டுகிற ஸ்பானர். கம்பெனி சொன்ன அளவு வந்ததும் அது 'டக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தத்தோடு நிறுத்த வேண்டும். ஃபில்டரின் ரப்பரில் புது ஆயிலை விரலால் தடவி, கையாலேயே இறுக்க வேண்டும். ஆயில் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கு அணைகிறதா என்று பார்த்து, நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து அளவுக் குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு மறுபடி அடியில் போய், நட்டைச் சுற்றி விரலால் ஒரு தடவு தடவ வேண்டும். விரல் காய்ந்திருந்தால் வேலை முடிந்தது.

நிதானமாகச் செய்தால் முக்கால் மணி நேரம் ஆகும். எங்களுக்கு அதில் பாதிகூடக் கிடையாது. பழைய வாஷரே திரும்பப் போகும். டார்க் ரெஞ்ச் அலமாரியில் பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்று தெரியாது. கடைசித் தடவலை யாரும் செய்வதில்லை. அதைச் செய்ய வேண்டியவன் நான்.

ஃபைனல் இன்ஸ்பெக்டருக்கு ஒரு படிவம் உண்டு. மொத்தம் இருபத்தெட்டு வரிகள், வரிக்கு ஒரு கட்டம். பார்த்துவிட்டு டிக் போட வேண்டும். பதினான்காவது வரி 'அடிப்பகுதி கசிவு, டிரெயின் நட்டு இறுக்கம்'. வண்டி லிஃப்டிலிருந்து இறங்கிய பிறகுதான் என்னிடம் வரும். அடியில் பார்க்க வேண்டுமென்றால் மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்றினால் அடுத்த வண்டிக்கு லிஃப்ட் இருக்காது. ஆரம்பத்தில் ஏற்றினேன். பிறகு சந்தேகம் வந்தால் மட்டும் ஏற்றினேன். பிறகு சந்தேகம் வருவதே நின்றுவிட்டது. பேனா மேலிருந்து கீழே தானாகவே இறங்கும்.

எங்கள் சர்வீஸ் மேனேஜர் தாமோதரன். அவர் கத்தி நான் கேட்டதில்லை. எந்த வேலையையும் விட்டுவிடு என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. பக்கத்தில் வந்து நிற்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் மெதுவாகத் துடைப்பார். "இன்னும் எவ்ளோ நேரம், எத்திராஜ்?" என்பார். அவ்வளவுதான். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விடுவார். அந்த ஒரு கேள்வி ஒரு நாளைக்கு முப்பது தடவை காதில் விழுந்தால் எதை விட வேண்டும் என்று கைக்கே தெரிந்துவிடும். அவருக்கு மேலே இருந்தவர்கள் அவரை இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள். அவர்மேல் எனக்கு இன்றும் கோபம் வருவதில்லை. கோபம் வந்தால் தேவலை என்றிருக்கிறது.

அது ஒரு சனிக்கிழமை. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு சின்ன வெள்ளைக் கார் சர்வீசுக்கு வந்தது. சொந்தக்காரர் கற்பகவல்லி என்ற அம்மாள். அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. அந்த வண்டியை எடுத்துக்கொண்டவன் டில்லிபாபு. மாங்காட்டிலிருந்து வருகிறவன், எங்களில் நல்ல கை அவனுக்குத்தான். ஆயிலை இறக்கினான், ஃபில்டரை மாற்றினான், டிரெயின் நட்டை விரலால் திருகினான். ஸ்பானரை எடுக்கக் குனியும்போது தாமோதரன் வந்து நின்றார். முதலாளிக்கு வேண்டியவர் ஒருவர் வாசலில் வண்டியோடு காத்திருக்கிறார், அதில் ஹாரன் வேலை செய்யவில்லை, ஐந்து நிமிஷம் வந்து பார் என்றார். டில்லி போனான். அந்த ஐந்து நிமிஷம் ஒரு மணி நேரம் ஆனது. இடையில் வேறொருவன் வந்து, வேலை முடிந்தது என்று நினைத்து, லிஃப்டை இறக்கி ஆயிலை ஊற்றிவிட்டான். விரலால் திருகிய நட்டு உடனே ஒழுகாது. வண்டி என்னிடம் வந்தது. பதினான்காவது கட்டத்தில் டிக் போட்டேன். இந்த விவரமெல்லாம் பிறகு டில்லி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பத்து நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, அந்தக் கார் இழுவை வண்டியில் திரும்பி வந்தது. எஞ்சின் சீஸ், ஆயில் இல்லாமல் உள்ளே இறுகிப் போயிருந்தது. அடியில் நட்டு இருந்த இடத்தில் ஓட்டை மட்டும் இருந்தது. கற்பகவல்லி கணவரை வைத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போய்க்கொண்டிருந்தாராம். சிவப்பு விளக்கு எரிந்ததும் இடது பக்கம் ஒதுங்கப் பார்த்திருக்கிறார். லாரிகளுக்கு நடுவிலிருந்து ஓரத்துக்கு வருவதற்குள் எஞ்சின் கடகடவென்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டதாம்.

தாமோதரன் ஓட்டையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். சர்வீஸ் முடிந்து பத்து நாள் ஆகிறது, இடையில் வெளி மெக்கானிக் யாராவது கை வைத்திருக்கலாம், அதனால் கம்பெனி பொறுப்பேற்க முடியாது என்று அறிக்கை தயாரானது. இன்ஸ்பெக்ஷன் படிவத்தில் பதினான்காவது வரி சரியாக இருந்ததே அதற்கு ஆதாரம். கீழே என் கையெழுத்து வேண்டும் என்றார். போட்டேன். இதில் எனக்கு மிரட்டல் எதுவும் வரவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். பேனாவைக் கொடுத்தார், போட்டேன். புதன்கிழமை கற்பகவல்லிக்குப் போனில் தகவல் சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை கற்பகவல்லி நேரில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தொழிற்சாலை அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. கையில் பேப்பர் சுற்றிய ஒரு பெரிய அட்டை. அழுவார், அல்லது சண்டை போடுவார் என்று நினைத்துத்தான் தாமோதரன் என்னையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். அவர் இரண்டும் செய்யவில்லை. மேஜையில் இருந்த காகிதங்களை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு அட்டையை விரித்தார்.

ஏதோ ஒரு ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து எடுத்தது. நடுவில் ஆயில் கறை. கறையைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் வட்டமாகக் கோடு, ஒவ்வொரு கோட்டின்மேலும் தேதி. சர்வீஸ் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பொட்டு அளவு. திங்கள் ஒரு ரூபாய்க் காசு அளவு. அப்படியே விரிந்துகொண்டே போய், கடைசிச் செவ்வாய் சாப்பாட்டுத் தட்டு அளவு. தரையில் கறை படியக் கூடாதே என்று முதலில் அட்டையைப் போட்டதாகவும், பிறகு பழக்கதோஷத்தில் தினமும் குறித்துவந்ததாகவும் சொன்னார். மூன்றாம் நாள் எங்கள் ஆபீசிலிருந்து சர்வீஸ் திருப்தியா என்று கேட்டுப் போன் வந்திருக்கிறது. ஆயில் சொட்டுவதைச் சொல்லியிருக்கிறார். சர்வீசில் சிந்தின ஆயில்தான், ரெண்டு நாளில் நின்றுவிடும் என்று பதில் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்பது போட்டாராம்.

அட்டையை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று தாமோதரன் மிகவும் மரியாதையாகச் சொன்னார். கற்பகவல்லி தலையசைத்துவிட்டு இன்ஸ்பெக்ஷன் படிவத்தை எடுத்தார். விரலால் கீழே இறங்கி வந்து பதினான்காவது வரியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"இந்த டிக் நீங்க போட்டதா சார்?"

ஆமாம் என்றேன்.

"பாத்துட்டுப் போட்டியளா?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே டில்லி நின்றுகொண்டிருந்தான். கையில் துணியை வைத்துக்கொண்டு, துடைக்காமல், எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் உண்மையைச் சொன்னால் அது எங்கே போய் விழும் என்று எனக்கு அந்த நொடியே தெரியும். தெரியாமல் சொன்னேன் என்று இத்தனை வருஷத்தில் சில சமயம் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அது பொய்.

தாமோதரன் எங்கள் நடைமுறைகளைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். அந்த அம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"பாக்கல மேடம்," என்றேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஜெயித்த முகமாக இல்லை. ரொம்ப நேரம் நின்று களைத்தவர் உட்காருகிற மாதிரிதான் இருந்தது. தொழிற்சாலையில் தனக்கும் இதே வேலைதான் என்றார். பதினெட்டு வருஷமாக இன்ஸ்பெக்ஷன்.

"எங்க இடத்துல டிக்குன்னு ஒண்ணு கெடையாது சார். அளந்து, வந்த அளவை எழுதணும். டிக் போட்ட பேப்பரு திரும்பி வந்துரும்."

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஓர் இன்ஸ்பெக்டர் இன்னொரு இன்ஸ்பெக்டரிடம் சொல்வது போலச் சொன்னார். பிறகு பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பார்க்காமலும் அளவு எழுதலாம்தான். ஆனால் இல்லாத ஓர் எண்ணைக் கற்பனை செய்து எழுதும்போது, பொய் எழுதுகிறோம் என்று கைக்குத் தெரியும். டிக்கில் அந்தச் சங்கடம் இல்லை.

நான் சொன்னதை எழுதித் தரச் சொன்னார். படிவத்தின் நகலின் பின்பக்கம், பதினான்காவது வரியைப் பார்க்காமல் டிக் போட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாமோதரன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கற்பகவல்லி அட்டையைப் பழையபடி சுற்றிக்கொண்டு எழுந்தார். பதினொரு மணிக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே விடுவார்கள் என்றார். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவர் கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய்க்கிழமை ஆட்டோ பிடித்துப் போய்ச் சேருவதற்குள் அவருடைய நேரம் வேறொருவருக்குப் போய்விட்டிருக்கிறது. மறுநாள் காலைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காலைக்குள் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து, ஐ.சி.யூ.வில் சேர்த்திருக்கிறார்கள். வந்து அரை மணி நேரமாகியும் அந்த அம்மாள் அதைச் சொல்லவே இல்லை.

கணவர் பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள் என்று கேட்டபோதுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. கம்பெனி சத்தமில்லாமல் வேறு எஞ்சின் போட்டுக் கொடுத்தது. என்னை ஃபைனல் இன்ஸ்பெக்ஷனிலிருந்து எடுத்து ஸ்பேர்ஸ் ஸ்டோருக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன். தாமோதரன் பெரிய கிளைக்கு மாறிப் போனார். டில்லிபாபுவை அந்த வாரமே வேலையை விட்டு நிறுத்தினார்கள். நட்டை இறுக்காதது அவன்தானே என்றார்கள். அவனை நடுவில் கூப்பிட்டுப் போனது யார் என்று ஒரு காகிதத்திலும் இல்லை. நானும் அதை எழுதவில்லை. என்னிடம் கேட்டது பதினான்காவது வரியைப் பற்றி மட்டும்தான், அதற்கு மட்டும்தான் பதில் எழுதினேன்.

இரண்டு மாதம் கழித்து கற்பகவல்லி போன் செய்தார். இனிமேல் வண்டியை எங்கேயும் விடுவதாக இல்லை, ஆயில் மாற்றுவதை ஒருமுறை செய்து காட்ட முடியுமா என்றார். பதினெட்டு வருஷமாக ஊரான் சாமானையெல்லாம் அளந்து பார்த்தவளுக்குத் தன் வண்டியில் அளவுக் குச்சி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, அதுதான் வெட்கமாக இருக்கிறது என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவடி குவார்ட்டர்ஸுக்குப் போனேன். கணவர் சுப்பையா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர். புனலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஆயில் ஊற்றுகிற வேலையாவது தனக்குத்தான் என்று பிடிவாதமாகச் சொன்னார்.

செங்கலும் மரக்கட்டையும் முட்டுக் கொடுத்து வண்டியை ஏற்றினோம். நான் காட்டுவதற்குள் அந்த அம்மாளே பழைய சேலையை விரித்து அடியில் போய்விட்டார். பழைய ஆயில் சொட்டி முடிய இருபது நிமிஷம் ஆயிற்று. போதும் என்றேன். இன்னும் சொட்டுகிறதே என்றார். புது வாஷரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். டார்க் ரெஞ்ச் 'டக்' என்றதும் அடியிலிருந்தே அளவைச் சொன்னார். சுப்பையா அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். ஊற்றிய ஆயில் எத்தனை லிட்டர், வண்டி ஓடிய கிலோமீட்டர், குச்சியில் தெரிந்த மட்டம், எல்லாம் எண்ணாகவே எழுதினார்கள். ஆனது ஒன்றேகால் மணி நேரம். யாரும் பக்கத்தில் வந்து நிற்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து என் காரை நிமிர்ந்து பார்க்கச் சங்கடமாக இருந்தது. அதற்கும் எங்கள் சென்டரில்தான் சர்வீஸ். அதன் படிவத்திலும் இருபத்தெட்டு டிக்குகள். அவற்றையும் நான்தான் போட்டிருந்தேன். அடுத்த வாரமே கடைக்குப் போய் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கினேன்.

டில்லியைப் பார்க்கப் போவதற்குத்தான் எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. மாங்காட்டில் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் அவன் வீடு. வீட்டு வாசலிலேயே டூவீலர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை நகர்த்திப் போட்டான். அவன் மனைவி டீ கொண்டுவந்தார். அவரிடம் என்னைக் காட்டி, பெரியண்ணன் மாதிரி, கம்பெனியில் கூட இருந்தவர் என்றான். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். டீ ஆறுகிற வரைக்கும் அவன் பிரித்துப் போட்டிருந்த வண்டியைப் பற்றிப் பேசினேன். கடைசியில், உண்மையைச் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றுகிறது என்றேன்.

டில்லி டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"சொன்னது தப்பில்லண்ணாத்தே," என்றான். "டைட் வெக்காம போனது நான்தான். ஆனா ஒண்ணு. நீ அன்னிக்கு குனிஞ்சு பாத்திருந்தா, 'டேய் டில்லி, நட்டு லூசா கீது, வாடா'ன்னு கூப்ட்டிருப்ப. நானும் வந்து ஒரு திருப்பு திருப்பிட்டுப் போயிருப்பேன். அவ்ளோதான். யாருக்கும் ஒண்ணும் ஆயிருக்காது."

உண்மையைச் சொன்னதற்காக என்னைப் பாராட்டியவர்கள் உண்டு, திட்டியவர்களும் உண்டு. இரண்டு தரப்பும் பேசியது அந்த வியாழக்கிழமையைப் பற்றி. டில்லி பேசியது சனிக்கிழமையைப் பற்றி.

கிளம்பினேன். என் பைக்கைத் தள்ளியபோது செயின் தொங்கி உரசும் சத்தத்தைக் கேட்டு அவன் நிறுத்தச் சொன்னான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பின்சக்கரத்து நட்டைத் தளர்த்தி, செயினை இழுத்துச் சரிபண்ணி, இரண்டு பக்கமும் அளவுக் கோடு ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி இறுக்கினான். வேலை முடிந்ததும் எழுந்து, ஸ்பானரை என் பக்கம் நீட்டினான். எதற்கு என்று எனக்குப் புரிந்தது. தரையில் உட்கார்ந்து, நட்டில் ஸ்பானரை வைத்து இழுத்தேன். அசையவில்லை.

"டைட்டா கீதா?" என்றான்.

அந்தப் பக்கம் போய் அந்த நட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.